சபைக்குப் பணம் கட்டி ஆடலாமா, டீச்சர்?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு 28 வயது. ஏழு வயதிலிருந்து பரதம். தனியார் கம்பெனியில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். ஆட்டத்தையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்று போன வருடம் பொங்கல் முடிந்ததும் வேலையை விட்டேன். இப்போது வீட்டில் 11 பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். ஆளுக்கு 1,200 ரூபாய். ஒரு வருடத்தில் ஒன்பது நிகழ்ச்சி ஆடியிருக்கிறேன். எட்டில் பொன்னாடையும் மெமெண்டோவும், ஒன்றில் 2,500 ரூபாய். மேக்கப், பாட்டு, டாக்ஸி எல்லாம் என் செலவு. இப்போது ஒரு சபையில் டிசம்பரில் ஒரு மணி நேரம் தருகிறோம், 'பங்களிப்பாக' 40,000 ரூபாய் கட்டுங்கள் என்கிறார்கள். அம்மா கட்டு என்கிறார். அப்பா, கட்டுவதை விட்டுவிட்டு வேலைக்குப் போ என்கிறார். இதைப் பேசக்கூட எனக்கு ஆள் இல்லை. கூட ஆடுகிறவர்கள் யாரும் ஒருத்தர் நிகழ்ச்சிக்கு ஒருத்தர் வருவதில்லை. வந்தாலும் ஒரு போட்டோ எடுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இதில் கீழ் வீட்டுக்காரர் வேறு, தாளம் தட்டுகிற தட்டுக்கழிச் சத்தம் தாங்கவில்லை என்று குடியிருப்பு சொசைட்டியில் எழுதிக் கொடுத்திருக்கிறார். உதவித்தொகை ஏதாவது கிடைக்குமா? என்ன செய்யட்டும்?"

முதல் கேள்விக்கு முதலில் பதில். கட்டாதீர்கள்.

நாலு பேர் கண்ணில் பட வேண்டாமா என்பார் உங்கள் அம்மா. அந்த நாலு பேர் யார் என்று பார்த்துவிடுவோம். போன டிசம்பரில் இதே மாதிரி ஓர் இடத்தில் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பெயர் வேண்டாம். நாலு மணியிலிருந்து ஆளுக்கு ஒரு மணி நேரமாக ஐந்து பெண்கள். ஒவ்வொரு பெண்ணும் மங்களம் ஆடி முடித்ததும் முன் மூன்று வரிசை அப்படியே எழுந்து வெளியே போகும். அடுத்த பெண்ணின் சித்தி, பெரியப்பா, எதிர் ஃபிளாட் குஜராத்தி ஆன்ட்டி என்று புதிதாக மூன்று வரிசை உள்ளே வரும். ஐந்து மணி நேரமும் இடத்தை விட்டு அசையாமல் இருந்தது நானும் மைக் செட் பையனும்தான். அந்தப் பையனும் பாதி நேரம் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். உங்கள் சித்தி உங்களைப் பார்ப்பதற்கு 40,000 ரூபாயில் ஓர் ஏசி ஹால் தேவையா? அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு ஆடிக் காட்டி, சாப்பாடும் போட்டு அனுப்பலாம்.

பணம் செலவழிப்பதே தப்பு என்று சொல்லவில்லை. நீங்களே ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து, டிக்கெட் போட்டு, நஷ்டப்பட்டால் அது தொழில். அந்த நஷ்டத்தில் யார் வந்தார்கள், யார் வரவில்லை, எந்த உருப்படியில், அதாவது எந்த ஆட்டத்தில், இருமினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சபைக்குக் கட்டிய காசில் இதில் ஒன்றும் தெரியாது. எனக்கும் 41 பொன்னாடை இருந்தது. ஒரு நாள் எல்லாவற்றையும் இணைத்துத் தைத்து காஸ்ட்யூம் அலமாரிக்குத் திரையாகப் போட்டுவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, வெயில் படாது.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த அம்மாவுக்கு என்ன தெரியும் என்று தோன்றும். 21 வயதில் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து பதினைந்து வருடம் கவுண்டரில் உட்கார்ந்தேன். அரசு வங்கிகள் விருப்ப ஓய்வு கொடுத்த 2001-இல் வெளியே வந்தேன். அதற்குப் பத்து வருடம் முன்பே முலுண்டில் சாயங்கால வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். அதனால் ஆட்டத்தையும் கணக்கையும் பிரித்துப் பார்க்க எனக்கு வராது.

மேடையில் ஆடி மட்டும் குடும்பம் நடத்தியவர்களை மும்பையில் நான் பார்த்ததே இல்லை. உங்களிடம் ஏதோ குறை இருப்பதால் ஒன்பது நிகழ்ச்சியில் பணம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த ஊரில் பரதத்துக்குச் சோறு போட்டது எப்போதும் சொல்லிக்கொடுக்கிற வேலைதான். திருவிடைமருதூர் நட்டுவனார் (ஆட்டம் சொல்லித் தருகிற குரு) பரம்பரையைச் சேர்ந்த குப்பையா பிள்ளையின் குடும்பம் இங்கே வந்து, 1945-இல் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திரைத் தொடங்கியதே. சபையை நம்பியா வந்தார்கள்? மாதுங்காவில் சண்முகானந்தா சபையே 1952-இல்தான் ஏற்பட்டது. அந்தப் பெரிய ஹால் 1963-இல்தான் திறந்தது. அதற்கெல்லாம் முன்பே மகாலிங்கம் பிள்ளை, கோவிந்தராஜ் பிள்ளை என்று அந்த வீட்டுக்காரர்கள் தட்டுக்கழியோடு உட்கார்ந்து பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். சண்முகானந்தா 1990-இல் தீப்பிடித்து 1998-இல் மறுபடி திறக்கிற வரைக்கும் எட்டு வருடம் அந்த மேடையே கிடையாது. அதற்காக மாதுங்காவில் எந்த வகுப்பும் நின்றுபோகவில்லை.

ஆகவே உங்கள் 11 பிள்ளைகளை 'நிகழ்ச்சி வருகிற வரைக்கும் ஏதோ ஒரு வருமானம்' என்று பார்க்காதீர்கள். அதுதான் கடை, மேடை அதன் போர்டு.

கடையைச் சரியாக நடத்துகிறீர்களா? மாதச் சம்பளமாக 1,200 வாங்குகிறீர்கள். ஏப்ரல் நடுவில் பரீட்சை முடிந்ததும் பாதிப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடும். நாகர்கோவில், பாலக்காடு, ரத்னகிரி என்று கிளம்பினால் ஜூன் நடுவில்தான் திரும்பும். ஜூலையில் ஒரு வாரம் தண்டவாளத்தில் தண்ணீர் நிற்கும். கணபதிக்கு பத்து நாள், நவராத்திரிக்கு ஒன்பது நாள், தீபாவளிக்கு மூன்று வாரம். வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்று நீங்கள் போட்டு வைத்திருக்கிற கணக்கில் எட்டரை மாதம்தான் கைக்கு வரும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, முன்பணமாக வாங்குங்கள். 'டேர்ம் ஃபீஸ்' என்று சொன்னால் எந்தத் தாயும் கேள்வி கேட்க மாட்டார், பள்ளிக்கூடத்தில் பழகிய வார்த்தை. இதை நான் கற்றுக்கொள்ள ஏழு வருடம் ஆனது. அதுவரைக்கும் மே மாதம் வந்தால் கணவரிடம் கை நீட்டுவேன்.

பெற்றோர் எதற்காக அனுப்புகிறார்கள் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு ஆசை. சிலருக்குப் பிள்ளை போனிலிருந்து தலையைத் தூக்கினால் போதும். மகாராஷ்டிர போர்டில் படிக்கிற பிள்ளையானால் பத்தாம் வகுப்பில் செவ்வியல் கலைக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. அதற்கு அகில பாரதிய கந்தர்வ மகாவித்யாலய மண்டலின் பரீட்சை மாதிரி ஏதாவது ஒன்றில் தேறியிருக்க வேண்டும். பிராரம்பிக், பிரவேஷிகா, மத்யமா என்று போகிற அந்தப் பாடத்திட்டத்தை என் வயது டீச்சர்கள் பலர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார்கள். நானும் சுருக்கினேன். பிறகு பார்த்தால், ஒன்பதாம் வகுப்பில் டியூஷனுக்காக வகுப்பை நிறுத்துகிற பெண்கள் அந்த ஒரு பரீட்சைக்காக இரண்டு வருடம் கூடுதலாகத் தொடர்ந்தார்கள். அந்த இரண்டு வருடத்தில் ஆரம்ப உருப்படியான ஜதிஸ்வரத்தைத் தாண்டி, பெரிய உருப்படியான வர்ணத்துக்கு வந்துவிட்டார்கள். மதிப்பெண்ணுக்கு வந்தவள் ஆட்டத்துக்கு நின்றால் எனக்கு என்ன நஷ்டம்?

அரங்கேற்றம் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. லட்சக்கணக்கில் செலவாகிற அந்த விழாவில் டீச்சருக்கும் ஒரு தொகை வரும். அதை நம்பி மாதச் செலவைப் போடாதீர்கள். போட்டால், தயாராகாத பெண்ணை மேடையேற்றத் தோன்றும். எனக்கு ஒரு முறை தோன்றியது. அந்த வீடியோவை இன்றுவரை நான் போட்டுப் பார்க்கவில்லை.

இனி அப்பா விஷயம். அவர் சொல்வதில் பாதி சரி. 11 பிள்ளைகள், மாதம் 13,200. செம்பூரில் அது பாதி ஆளுக்குத்தான் காணும். முழு நேர வேலைக்குத் திரும்ப வேண்டாம். காலை வேளையில் நாலு மணி நேர வேலை ஒன்று பாருங்கள். பள்ளிக்கூடத்தில் நடன ஆசிரியை, வீட்டிலிருந்தே செய்கிற கணக்கு வேலை, உங்கள் பழைய கம்பெனியிலேயே ஏதாவது கான்ட்ராக்ட், எதுவானாலும் சரி. வகுப்பு 25 பிள்ளைகளைத் தொட்டு, ஆறு மாத வீட்டுச் செலவு தனிக் கணக்கில் சேர்ந்த பிறகு அந்த வேலையை விடுங்கள். வேலைக்குப் போனால் கலையைக் கைவிட்டதாக ஊர் பேசும் என்று பயப்படுகிறீர்கள், கடிதத்தில் மூன்று இடத்தில் அது தெரிகிறது. நான் வங்கியில் பணக்கட்டை எண்ணிவிட்டு ஆறு பத்து லோக்கலில் ஏறி, நின்றுகொண்டே விரலில் சொல்லுக்கட்டு (தாளச் சொற்கள்) போட்டுக்கொண்டு முலுண்டுக்கு வந்து வகுப்பெடுத்தவள். யாரும் ஒன்றும் பேசவில்லை. பேசுகிற அளவுக்கு ரயிலில் யாருக்கும் இடமும் இல்லை.

வரி விஷயம், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். வருகிற ஒவ்வொரு ரூபாயையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கம்பெனி நிகழ்ச்சிக்கு ஆடினால் பத்து சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வரி, பிடித்துக்கொண்டு தரலாம். உங்கள் வருமானத்துக்கு வரியே வராதென்றாலும் ரிட்டர்ன் போட்டால்தான் அது திரும்பி வரும். எத்தனையோ கலைஞர்கள் இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். செவ்வியல், நாட்டுப்புற நிகழ்ச்சிக்கு ஒரு தடவைக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரைக்கும் வாங்குகிற கலைஞருக்கு ஜிஎஸ்டி கிடையாது. 'ஜிஎஸ்டி எண் இல்லாதவர்களுக்குப் பணம் தர முடியாது' என்று யாராவது இழுத்தடித்தால் இதைச் சொல்லுங்கள்.

இப்போது டிக்கெட்டுக்கு வருகிறேன். எனக்கு முக்கியம் இதுதான்.

நம் ஆட்களுக்கு நாட்டியம் என்றால் ஓசி பாஸ். நாமே அப்படிப் பழக்கிவிட்டோம். ஆனால் நாம் குடியிருக்கிற ஊரில், நமக்குப் பக்கத்து வீட்டிலேயே, காசு கொடுத்து நாடகம் பார்க்கிற ஒரு ஜனம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு முலுண்ட் காளிதாஸ், தானே கட்கரி ரங்காயதன் என்று ஏதாவது ஒரு நாடக அரங்குக்குப் போய் வாசலில் நில்லுங்கள். பட்டுப்புடவை கட்டிய மராத்திப் பாட்டிகள் டிக்கெட்டைப் பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே போவார்கள். இடைவேளையில் பட்டாட்டா வடைக்கு வரிசை நிற்கும். நாடகம் பிடிக்காவிட்டால் வெளியே வந்து திட்டுவார்கள். காசு கொடுத்தவர்கள், திட்ட உரிமை இருக்கிறது.

எங்கள் மூன்றாவது மாடியில் ஒரு காக்கு இருக்கிறார், மராத்தி மாமி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வருடா வருடம் என் வகுப்பின் நிகழ்ச்சிக்கு அழைப்பிதழ் கொடுப்பேன். வாங்கி ஃபிரிட்ஜில் காந்தத்தின் அடியில் வைப்பார், வர மாட்டார். ஒரு வருடம் ஹால் வாடகை கட்டுப்படியாகாமல் 100 ரூபாய் டிக்கெட் போட்டோம். கூச்சத்தோடு அவர் கதவைத் தட்டினேன். "திகிட் கிதி?" என்றார், உள்ளே போய் 400 ரூபாய் எடுத்து வந்தார். தங்கை, தங்கை கணவர், அவர்கள் வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளி என்று நாலு பேராக வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பதத்தில் (அபிநயப் பாட்டில்) தோழியிடம் நாயகி என்ன சொன்னாள், ஒன்றும் புரியவில்லை, முன்னாலேயே சொல்லக் கூடாதா என்று சண்டை போட்டார். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் இரண்டு நிமிடம் மராத்தியில் பேச ஆரம்பித்தேன். என் மராத்தி ரேஷன் கடை மராத்தி. சிரிக்கிறார்கள், ஆனால் கேட்கிறார்கள்.

பெரிய ஹால் வேண்டாம். சண்முகானந்தாவில் 2,700-க்கும் மேல் இருக்கை. எழுபது பேரோடு அங்கே ஆடினால் அவர்கள் சிதறி உட்கார்ந்து உங்களுக்கே பயமாக இருக்கும். அதே எழுபது பேர் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நெருக்கியடித்துக்கொண்டு உட்காருவார்கள். இந்த ஊரில் பள்ளிக்கூட ஹாலுக்கு ஒரு சரித்திரமே உண்டு. 1970-களில் தாதரில் சபில்தாஸ் பள்ளியின் ஹாலில்தான் ஆவிஷ்கார் குழு பரீட்சார்த்த நாடகங்களை நடத்தியது. அதை இன்றும் 'சபில்தாஸ் இயக்கம்' என்றே சொல்கிறார்கள், கட்டடத்தின் பெயரையே வைத்து. 1978-இல் ஜுஹூவில் திறந்த பிருத்வி தியேட்டரும் 200 பேர் சுமாருக்குத்தான் இடம். மூன்று பக்கமும் ஆட்கள், கைநீட்டினால் நடிகரைத் தொடலாம். நம் சபைகள் இதைக் கற்றுக்கொள்ளவே இல்லை என்பது என் பழைய புகார். இங்கே விரித்தால் கட்டுரை திசைமாறிவிடும்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். தொகைகள் தோராயம், உங்கள் பக்கத்து நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் தனியாக ஆடாதீர்கள், மூன்று பேர் சேருங்கள். ஆளுக்கு 35 நிமிடம். மூவருக்கும் ஒரே பாடகர், ஒரே மிருதங்கம், ஒரே வயலின்: 5,000, 5,000, 4,000. நட்டுவாங்கத்துக்கு வெளியாள் வேண்டாம். ஒருத்தி ஆடும்போது அடுத்தவள் தாளம் பிடிக்கட்டும். பள்ளி ஹாலும் மைக்கும் 5,000. ஆக 19,000. எழுபது டிக்கெட், 200 ரூபாய் வீதம் 14,000. பாக்கி 5,000-ஐ மூவர் பிரித்தால் ஆளுக்கு 1,700-க்குள். லாபம் இல்லை, ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் நீங்கள் ஆடிய ஒன்பதில் எதிலாவது இவ்வளவு குறைவாகப் போனதா? தவிர எழுபது பேரின் பெயரும் போன் நம்பரும் உங்கள் கையில். மூன்றாவது தடவை டிக்கெட்டை 250 ஆக்குங்கள்.

'கூட ஆடுகிறவர்கள் வருவதில்லை' என்கிறீர்களே, அதற்கும் இதில்தான் வழி. நட்டுவாங்கம் பிடிக்க உட்கார்ந்தவள் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது. மூன்று வாரம் ஒத்திகைக்கு வர வேண்டும், உங்கள் அறுதி, அதாவது ஜதியின் முடிவு, எங்கே விழும் என்று அவளுக்கு உங்களைவிட நன்றாகத் தெரிய வேண்டும். காபி ஷாப்பில் உட்கார்ந்து கலையின் எதிர்காலம் பேசுகிற நட்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வேலையைத் தலையில் கட்டுங்கள், யார் நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும். குருமார் வேறு வேறு என்றால் முதலில் கொஞ்சம் உரசும். 'எங்கள் டீச்சர் இப்படி அடிக்க மாட்டார்' என்று இரண்டு வாரம் நடக்கும், பிறகு அடங்கும். உங்கள் குருவிடம் மட்டும் முன்கூட்டியே போய்ச் சொல்லிவிடுங்கள். மூன்றாம் ஆள் வழியாக அவர் காதுக்குப் போனால் கதை வேறு மாதிரி ஆகிவிடும்.

டிக்கெட் விற்கும்போது மாதுங்காவோடு நிற்காதீர்கள். சண்முகானந்தாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் தாராவி. நெல்லைச் சீமையிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பங்கள். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த ஹாலுக்குள் போயிருப்பார்கள் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? அங்கே ஞாயிறு காலை ஒரு வகுப்பு நாலு வருடம் எடுத்தேன். சம்பளம் குறைவாகத்தான் வைத்தேன், ஆனால் முதல் தேதி தவறியதில்லை. முலுண்டில்தான் இழுப்பார்கள். நிகழ்ச்சி என்றால் வீட்டோடு வருவார்கள், பாட்டி உட்பட, சாப்பாட்டு டப்பாவோடு.

பக்கவாத்தியக்காரர்கள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது என் தவறு, நானே செய்தது.

2006-இல் முலுண்டில் நானே ஏற்பாடு செய்த நிகழ்ச்சி. முடிய பத்தரை ஆகிவிட்டது. பிள்ளைகள், பெற்றோர், தலைமை விருந்தினர் என்று மேடையில் போட்டோ நடந்துகொண்டே இருக்கிறது. மிருதங்கக்காரர் அம்பர்நாத்திலிருந்து வருகிறவர். மிருதங்கத்தை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு படியோரமாக நிற்கிறார். அவர் சம்பளக் கவர் என் கணவரின் கைப்பையில். அவரோ தலைமை விருந்தினரைக் கொண்டுபோய் விடக் கிளம்பிவிட்டார். நான் கும்பலுக்கு நடுவிலிருந்து கையைக் காட்டினேன், ஒரு நிமிஷம் என்று. இரண்டு முறை காட்டினேன். மூன்றாம் முறை திரும்பிப் பார்த்தபோது, "பரவாயில்லை மாமி, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிக்கொண்டிருந்தார். கர்ஜத் லோக்கலைப் பிடிக்க வேண்டுமே. நாளைக்கு என்பது எனக்கு உடம்பு வலியில் வியாழக்கிழமை ஆனது. அடுத்த நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டேன். "அன்னிக்கு வேற புரோகிராம் இருக்கு மாமி." அதற்கடுத்ததற்கும் அதே பதில். இரண்டு வருடம் அவருக்கு ஒவ்வொரு முறையும் வேறு புரோகிராம் இருந்தது. ஒரு கல்யாணத்தில் அவர் மனைவியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அன்று இரவு ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவுக்குக் கையில் காசு இல்லாமல் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்தம்மா குற்றம் சொல்கிற மாதிரிகூடச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாக வந்தது.

அன்றிலிருந்து எனக்கு மேக்கப் போடுவதற்கு முன்னால் கவர் பட்டுவாடா முடிந்துவிடும். இப்போது ஜிபே. முதல் உருப்படியான அலாரிப்புக்கு முன்னாலேயே எல்லார் போனிலும் 'டிங்' கேட்டுவிடும். ஒத்திகைக்கும் தனித் தொகை, முன்கூட்டியே பேசிவிடுங்கள். உங்களிடம் காசு குறைவாக இருந்தால் குறைவு என்று சொல்லுங்கள், அது யாருக்கும் வருத்தம் இல்லை.

உதவித்தொகை கேட்டிருந்தீர்கள். கலாச்சார அமைச்சகத்தின் இளம் கலைஞர் ஸ்காலர்ஷிப் 25 வயதோடு முடிந்துவிடும், உங்களுக்குத் தாண்டிவிட்டது. அதே அமைச்சகத்தின் ஜூனியர் ஃபெல்லோஷிப் 25-இலிருந்து 40 வயது வரை. மாதம் 10,000, இரண்டு வருடம். ஆனால் அது ஆடுவதற்கு இல்லை, ஆய்வுக்கு. மொத்தமாகத் தவணையில் வரும், மாதாமாதம் வரும் என்று வாடகையை அதன்மேல் வைக்காதீர்கள். என்ன ஆய்வு என்று தேட வேண்டியதில்லை. நீங்கள் மும்பைத் தமிழ்ப் பெண். தஞ்சாவூர் மராத்திய அரண்மனையில் இந்த ஆட்டத்துக்கு மராத்தியிலேயே சாகித்யம் எழுதியிருக்கிறார்கள். இரண்டாம் சரபோஜியின் பெயரிலேயே நிரூபணங்கள், அதாவது ஒரே கதையைத் தொடர்ந்து சொல்கிற ஆட்டப் பாட்டு வரிசைகள், இருக்கின்றன. அதை எடுத்து ஆட்டமாக்கிக் காக்குக்களுக்கு முன்னால் ஆடிப் பாருங்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் உருப்படி மிஞ்சும்.

கலைஞர்களைத் தேர்வு செய்து தூர்தர்ஷன் தருகிற கிரேடுக்கும் விண்ணப்பித்து வையுங்கள். கிரேடு கிடைத்தால் நிகழ்ச்சி குவியாது. ஆனால் பள்ளிக்கூட வேலைக்கு நேர்காணல் போகும்போது மேஜைமேல் வைக்க ஒரு காகிதம் இருக்கும்.

முழங்கால் பற்றி நீங்கள் எழுதவில்லை, நானே கேட்கிறேன். வீட்டில் டைல்ஸ் தரையில்தானே வகுப்பு? மூன்று வகுப்பிலும் நீங்களே முழங்காலை மடக்கி அரைமண்டியில் ஆடிக் காட்டுகிறீர்களா? அதை நிறுத்துங்கள். பெரிய பெண் ஒருத்தியை முன்னால் நிறுத்தி ஆடச் சொல்லிவிட்டு, நீங்கள் தட்டுக்கழியோடு உட்காருங்கள். அவளுக்கும் பயிற்சி. நான் 38 வயதில் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்க ஆரம்பித்தேன். பிசியோதெரபிக்குப் போன பணத்தில் மரப்பலகைத் தரையே போட்டிருக்கலாம்.

கடைசியாகக் கீழ் வீட்டுக்காரர். அவர் எழுதிக் கொடுத்துவிட்டார், நீங்கள் பதில் எழுதிச் சண்டையை வளர்க்காதீர்கள். ஃபிளாட்டில் வகுப்பு நடத்த சொசைட்டியின் சம்மதம் வேண்டும், பேச்சில் அவர்கள் பக்கம்தான் பலம் இருக்கும். இரண்டு காரியம் செய்யுங்கள். தட்டுப்பலகைக்கு அடியில் கம்பளியை நாலாக மடித்துப் போடுங்கள், அதற்குக் கீழே ஒரு பழைய யோகா மேட். பாதிச் சத்தம் செத்துவிடும். இன்னொன்று, செக்ரட்டரிக்கு ஒரு கடிதம்: கிளப் ஹவுஸை வாரம் மூன்று நாள், ஐந்திலிருந்து ஏழு வரை, இன்ன வாடகைக்குத் தரும்படி. வாடகை என்ற சொல் முதல் வரியிலேயே வரட்டும். கமிட்டிக் கூட்டம் பெரும்பாலும் மாதத்தின் முதல் ஞாயிறு இருக்கும், அதற்கு நாலு நாள் முன்னால் கொடுத்தால்தான் அஜெண்டாவில் ஏறும்.